விலங்கு நீதிக்கதைகளும் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும்

விலங்கு நீதிக்கதை மிகச் சில வாக்கியங்களில் முடிந்துவிடும். சிங்கம் உறங்குகிறது. அதன்மேல் ஓடிய எலி பிடிபட்டுக் கெஞ்சி உயிர் பிழைக்கிறது. பின்னொரு நாள் வலையில் மாட்டிக்கொண்ட சிங்கத்தை அதே எலி கயிற்றைக் கடித்து மீட்கிறது. எந்தக் காடு, என்ன பருவம், பகலா இரவா, எலிக்குக் குட்டிகள் உண்டா என்பதையெல்லாம் கதை சொல்வதில்லை. வாயால் சொல்பவருக்கு இவை தேவையும் இல்லை. ஓவியருக்கு அந்தச் சலுகை கிடையாது. சிங்கத்தை வரைந்த உடனே அதற்குக் கீழே ஒரு தரை வேண்டும், தரைக்கு ஒரு வெயில் வேண்டும், சிங்கத்தின் முகத்தில் கோபமோ சலிப்போ ஏதாவது ஒன்று தெரிந்தாக வேண்டும். கதை வெறுமையாக விட்ட இடங்களையெல்லாம் ஓவியர் நிரப்புகிறார். அப்படி நிரப்பும்போது கதையின் பொருளையும் அவரே தீர்மானித்துவிடுகிறார். விலங்குக் கதைகளின் படப் புத்தகங்களைக் கதையின் துணைப்பொருளாகப் பார்க்காமல் தனித்த கதைசொல்லலாகக் கருத வேண்டியது இதனால்தான்.

இந்தக் கதைகள் ஏட்டில் படம் பெறுவதற்கு வெகுகாலம் முன்பே கல்லில் படம் பெற்றன. மத்திய இந்தியாவின் பர்ஹுத் தூபியைச் சுற்றியிருந்த கல்வேலியில், கி.மு. 2ஆம் நூற்றாண்டையொட்டிச் செதுக்கப்பட்ட வட்டச் சிற்பங்கள் பலவற்றில் புத்த ஜாதகக் கதைகள் உள்ளன. பூனையும் சேவலும் எதிரெதிரே நிற்கும் சிற்பத்துக்கு அதன் கதைப் பெயரே பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படத்துக்குக் கீழே தலைப்பு எழுதும் வழக்கம் அவ்வளவு பழையது. இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கும் மான் கதைச் சிற்பம் இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. ஒரே வட்டத்துக்குள் ஆற்றில் மூழ்குபவனை மான் சுமந்து வருகிறது. அரசன் வில்லை வளைக்கிறான். அதே அரசன் மானின் முன்னே கைகூப்பி நிற்கிறான். மூன்று வெவ்வேறு நேரங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. பார்ப்பவர் கண்தான் அவற்றை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஜாவாவில் 9ஆம் நூற்றாண்டு மெண்டுத் கோயிலின் படிக்கட்டுப் பக்கச் சுவரிலும் இதே உத்தி காணப்படுகிறது. இரண்டு பறவைகள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் பற்றிப் பறக்க, நடுவில் ஆமை வாயால் கவ்வித் தொங்குகிறது. கீழே மனிதர்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். ஆமை தரையில் விழுந்தபின் நேர்வதும் அதே சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பறக்கும் ஆமையையும் விழுந்த ஆமையையும் பார்வையாளர் ஒரே நோக்கில் கண்டுவிடுகிறார். கதையில் அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றத்துக்கு இங்கே இடமில்லை. சிற்பி அதை விரும்பவும் இல்லை. கதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதை நம்பியே அவர் செதுக்கினார்.

மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பெரும் பாறைச் சிற்பத்தின் அடிப்பகுதியில், பெரிய யானைகளுக்கு அருகே, ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கிறது. சுற்றிலும் எலிகள். மகாபாரதத்திலும் பஞ்சதந்திரத்திலும் வெவ்வேறு வடிவில் வரும் போலித்துறவிப் பூனையோடு அறிஞர்கள் இதைத் தொடர்புபடுத்துவர். அதே பாறையில் கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரின் நிலையைத்தான் பூனை அப்படியே பின்பற்றுகிறது. முனிவரையும் பூனையையும் மாறி மாறிப் பார்க்கும் குழந்தைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லும் எழுதாமல் இத்தனை தெளிவாகக் கதை சொல்ல முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சான்று இல்லை.

ஏட்டுக்கு வந்தால், பஞ்சதந்திரத்தின் பயணமே முதலில் நிற்கிறது. மகிளாரோப்பியம் என்னும் தென்னாட்டு நகரத்து அரசன் அமரசக்தியின் மூன்று மக்களுக்கு ஆறு மாதத்தில் அரசியல் கற்பிப்பதாக விஷ்ணுசர்மர் உறுதியளிப்பது நூலின் தொடக்கம். கேட்டவர்கள் அரச குமாரர்கள். கற்பிக்கப்பட்டது நீதி என்பதைவிடப் பிழைக்கும் வழி என்றே சொல்ல வேண்டும். முதல் தந்திரத்தில் தமனகன் என்னும் நரி, சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே இருந்த நட்பைக் கெடுத்து எருதைக் கொல்லவைக்கிறது; அதற்கு எந்தத் தண்டனையும் கிடைப்பதில்லை. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசன் முதலாம் குஸ்ரோவின் காலத்தில் பர்சோய் என்னும் மருத்துவர் இதைப் பகலவி மொழிக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அரபியில் ‘கலீலா வ திம்னா’ எழுதினார். தமனகனின் துணை நரியான கரடகனும் தமனகனும் அங்கே கலீலாவும் திம்னாவும் ஆனார்கள். சூழ்ச்சி செய்த நரி தப்பிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். திம்னாவை விசாரித்துத் தண்டிக்கும் ஒரு தனி அத்தியாயம் அரபு நூலில் கூடுதலாக இருக்கிறது.

படம் ஏன் வேண்டும் என்பதற்கு அந்த அரபு முன்னுரை தரும் காரணங்கள் இன்றைய பதிப்பாளருக்கும் பொருந்தும். விலங்குகளைப் பல வண்ணங்களில் காட்டினால் அரசர்களின் மனம் மகிழும்; மகிழ்ந்தால் நூலை விரும்பி வைத்திருப்பார்கள்; பலரும் விரும்பினால் படிகள் பெருகும், நூல் அழியாது; ஓவியரும் படியெடுப்பவரும் பிழைப்பார்கள். ஓவியரின் வருமானத்தையும் கணக்கில் சேர்த்த முன்னுரை என்ற வகையில் அது அரியது. கையில் கிடைக்கும் படமுள்ள அரபுச் சுவடிகளில் பழையது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியா பகுதியில் உருவானது. இப்போது பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. இக்கதைகளின் பாரசீக வடிவமான ‘அன்வாரே சுஹைலி’யை முகலாயப் பேரரசர் அக்பரின் ஓவியர்கள் 1570இல் வரைந்தார்கள். அச்சுவடி இன்று லண்டனில் இருக்கிறது. புறப்பட்ட நாட்டுக்கே கதைகள் வேற்றுமொழி உடையில் திரும்பி, இந்திய மரங்களும் இந்திய யானைகளும் சூழ மறுபடி படமாயின.

அச்சுக்கூடம் வந்ததும் விலங்குக் கதைகள் தாமதிக்கவில்லை. ஜெர்மனியின் உல்ம் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஷ்டைன்ஹோவல் தொகுத்த ஈசாப்புக் கதைகள் 1476ஐ ஒட்டி யோஹான் ஸைனரின் அச்சகத்தில் லத்தீனும் ஜெர்மனும் சேர்த்து அச்சாயின. ஏறக்குறைய இருநூறு மரச்செதுக்குப் படங்கள். பஞ்சதந்திரத்தின் ஜெர்மன் வடிவமும் 1483இல் அதே உல்ம் நகரில் படங்களோடு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஈசாப்புப் படங்கள் வேகமாகப் பரவின. பிற நகர அச்சகங்கள் அவற்றைப் பார்த்து மறுபடி செதுக்கிக்கொண்டன. 1484இல் இங்கிலாந்தில் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட ஈசாப்பு நூலின் படங்களும் அந்த வழியில் வந்தவையே. கதை மொழிபெயர்க்கப்பட்டது, படம் நகலெடுக்கப்பட்டது. இன்றுவரை நீதிக்கதைப் படங்கள் ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பதற்கு இந்தப் பழக்கமே வேர்.

இதுவரை சொன்ன எதுவும் குழந்தைகளுக்கென்று செய்யப்பட்டதல்ல. அந்தத் திருப்பம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்டேன் 1668இல் தம் நீதிக்கதைகளின் முதல் தொகுதியை ஆறு வயது பிரெஞ்சு இளவரசனுக்குக் காணிக்கையாக்கினார். ஃபிரான்சுவா ஷோவோவின் சிறு படங்கள் அதில் இருந்தன. பத்தாண்டு கழித்து வந்த இரண்டாம் தொகுதியில் இந்திய முனிவர் பில்பேக்குத் தாம் பட்ட கடனை அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1693இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் கல்வி பற்றி எழுதிய நூலில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு ஈசாப்பைப் பரிந்துரைத்தார், அதிலும் படமுள்ள பதிப்பை. கண்டிராத பொருளின் பெயரை எத்தனை முறை கேட்டாலும் குழந்தைக்கு அதில் எதுவும் தங்காது; பொருளையோ அதன் படத்தையோ காட்ட வேண்டும் என்பது அவர் வாதம். மிருகத்தின் பெயரும் மிருகத்தின் உருவமும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற இன்றைய தொடக்கப்பள்ளி நடைமுறைக்கு அதுவே அடிப்படை.

மாற்றுக்கருத்து தத்துவ அறிஞர் ரூசோவிடமிருந்து வந்தது. 1762இல் வெளியான ‘எமீல்’ நூலில் லா ஃபோன்டேனின் காகமும் நரியும் கதையை அவர் வரி வரியாக அலசினார். குழந்தை ஏமாந்த காகத்தின் பக்கம் நிற்காது, பாலாடைக்கட்டியைத் தட்டிப் பறித்த நரியின் பக்கமே நிற்கும் என்றார். எறும்பும் சில்வண்டும் கதையில் குழந்தை கற்பது உழைப்பையல்ல, பசித்து வந்தவரை விரட்டும் கல்நெஞ்சத்தை என்பதும் அவர் குற்றச்சாட்டு. இந்த எதிர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. நீதியை எழுத்தில் அழுத்திச் சொல்வதால் குழந்தையின் பரிவு திசை மாறுவதில்லை. பரிவு முகத்தைப் பார்த்து வருவது. அந்த முகத்தை வரைபவர் ஓவியர். 1867இல் குஸ்தாவ் டோரே சில்வண்டுக் கதைக்குப் பூச்சிகளை முதன்மையாக வரையவில்லை. இசைக்கருவியோடு ஒரு பெண் குளிரில் வீட்டு வாசலில் நிற்க, வீட்டுக்காரி குழந்தைகள் சூழ நின்று அவளைப் பார்க்கிறாள். அந்தப் படத்தைக் கண்டவர் எறும்பின் பக்கம் சாய்வது கடினம். ரூசோ கேட்ட கேள்விக்கு ஒரு நூற்றாண்டு கழித்து ஓவியம் விடை சொன்னதுபோல் இருக்கிறது.

அச்சுத்தொழில் நுட்பமும் படத்தின் தன்மையை மாற்றிக்கொண்டே வந்தது. தாமஸ் பியூவிக் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், கெட்டியான பாக்ஸ் மரக்கட்டையில், நுண்ணிய கோடுகளைச் செதுக்கினார். அக்கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்தே அச்சில் ஏற்ற முடிந்ததால் படமும் பத்தியும் ஒரே பக்கத்தில் நெருங்கி நின்றன. அவருடைய ஈசாப்பு 1818இல் வந்தது. பறவைகளின் இறகை இறகாக வரையத் தெரிந்தவர் அவர். அவர் வரைந்த நரி வடஇங்கிலாந்து வயலில் நிஜமாகவே திரிந்த நரி. வண்ணம் மரக்கட்டைகளின் வழியே வந்தது. அச்சாளர் எட்மண்ட் எவன்ஸ் வண்ணத்துக்கு ஒரு கட்டையாகச் செய்து அச்சிட, வால்டர் கிரேன் வரைந்த குழந்தைகளுக்கான ஈசாப்பு 1887இல் வெளியானது. படமும் கையெழுத்து வடிவ வரிகளும் ஒரே அலங்காரச் சட்டத்துக்குள் பின்னப்பட்ட பக்கங்கள் அவை. அழகு மிகுதி; ஆனால் ஒவ்வொரு பக்கமும் தனித்து நின்று முடிந்துவிடுகிறது. ஒரு கதைக்கு ஒரு படம் என்ற உல்ம் நகரத்து வழக்கம் நானூறு ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை.

அது மாறியது 20ஆம் நூற்றாண்டில், ஒரே ஒரு சிறு கதைக்கு முப்பத்திரண்டு பக்கங்களை ஒதுக்கும் படப் புத்தக வடிவம் நிலைபெற்றபோது. இங்கே கதையை நடத்துவது பக்கம் புரட்டும் கை. ஆமை வாயைத் திறக்கிறது. அந்தப் பக்கம் அங்கே முடிகிறது. குழந்தை தானே தாளைப் புரட்டி ஆமையை விழவைக்க வேண்டும். மெண்டுத் சிற்பி ஒரே நோக்கில் காட்டியதைப் படப் புத்தகம் இரண்டு பக்கங்களாகப் பிரித்து, நடுவில் ஒரு மூச்சளவு நேரத்தை வைக்கிறது. கல்லாலும் ஒற்றைப் படத்தாலும் முடியாதது இது.

இந்த வடிவத்தில் இந்தியக் கதையொன்று அமெரிக்காவில் பெற்ற உருவம் இன்றும் பாடமாகக் கொள்ளத்தக்கது. இதோபதேசத்தில் வரும் முனிவரும் எலியும் கதையை மார்சியா பிரவுன் 1961இல் ‘ஒன்ஸ் எ மவுஸ்’ என்ற பெயரில் மரச்செதுக்குகளாகவே செய்தார். அடுத்த ஆண்டு அது அமெரிக்கப் படப் புத்தக விருதான கால்டெகாட் பதக்கம் பெற்றது. காக்கையிடமிருந்து காப்பாற்றப்பட்ட எலியை முனிவர் பூனையாக்குகிறார், நாயாக்குகிறார், கடைசியில் புலியாக்குகிறார். செருக்கேறிய புலி அவரையே கொல்ல நினைக்க, மறுபடி எலியாகிறது. நூல் முழுவதிலும் சில வண்ணங்களே. வெயில்பட்ட இலையின் மஞ்சள்பச்சை, நிழலின் கரும்பச்சை. ஆபத்து நெருங்க நெருங்கச் சிவப்பு ஏறுகிறது. புலியின் செருக்கை எழுத்து ஓரிரு சொல்லில் சொல்லிக் கடக்கிறது. நிறமோ அதைப் பக்கம் பக்கமாக வளர்க்கிறது. செதுக்கிய மரத்தின் நரம்புகள் காட்டின் காற்றோட்டம்போல் தாளில் அப்படியே பதிந்திருக்கின்றன.

லியோ லியோனியின் ‘ஃப்ரெடரிக்’ 1967இல் வந்தது. எறும்புக் கதையை அவர் தலைகீழாக்கினார். மற்ற வயல் எலிகள் தானியம் சேர்க்கும்போது ஃப்ரெடரிக் வெயிலையும் நிறங்களையும் சொற்களையும் சேர்க்கிறது. குளிர்காலத்தில் தானியம் தீர்ந்தபின் அதன் சேமிப்புதான் எல்லோருக்கும் உதவுகிறது. கிழித்து ஒட்டிய தாள்துண்டுகளால் ஆன எலிகளில் ஃப்ரெடரிக்கைத் தனித்துக் காட்டுவது பாதி மூடிய கண் மட்டுமே. பழங்கதைக்கு எதிர்க்கதை சொல்லவும் படப் புத்தகத்தால் முடியும்.

இவ்வகையின் உச்சம் என்று கருதத்தக்கது ஜெர்ரி பிங்க்னியின் 2009ஆம் ஆண்டுச் சிங்கமும் எலியும். 2010இன் கால்டெகாட் பதக்கம் பெற்ற இந்நூலில் கதைக்கான எழுத்தே கிடையாது. ஆந்தையின் அலறல், எலியின் கீச்சொலி, சிங்கத்தின் கர்ஜனை போன்ற ஒலிகள் மட்டும் படத்துக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. முன்னட்டையில் தலைப்புகூட இல்லை. அட்டை முழுவதும் சிங்கத்தின் முகம், அதன் பார்வை ஓரமாகத் திரும்பியிருக்கிறது. கதை ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி புல்வெளியில் நடக்கிறது. தொடக்கத்தில் எலி ஒரு பள்ளத்தில் நிற்கிறது. அந்தப் பள்ளம் சிங்கத்தின் காலடித் தடம். இரண்டு விலங்குகளின் அளவு வேற்றுமையைச் சிங்கமே வராமல் காட்டிவிட்டார். எலிக்குக் கூட்டில் குஞ்சுகள் உண்டு என்பதால் அது பிடிபடும்போது குழந்தையின் பதற்றம் இரட்டிப்பாகிறது. ஜீப்பில் வரும் மனிதர்கள் வலை விரிக்கிறார்கள். சிங்கம் ஏன் எலியை விட்டது? முகத்தில் தெரிவது இரக்கமா, வியப்பா, பசியின்மையா என்பதைப் பார்ப்பவரே முடிவுசெய்யலாம். நீதி வாசகம் ஒரு வரியும் இல்லாத இந்நூலைப் பார்த்த குழந்தை நீதியைத் தவறவிடுவதில்லை. படிக்கத் தெரியாத குழந்தையும் எந்த மொழிக் குழந்தையும் இதை முழுதாகப் படித்துவிட முடிகிறது.

இந்தியாவில் நவீனப் படப் புத்தகத்துக்கு நிறுவன அடித்தளம் 1957இல் அமைந்தது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டைத் தொடங்கினார். நேஷனல் புக் டிரஸ்டும் அதே ஆண்டில் உருவானது. ஒரே படத்தை எல்லா மொழிகளுக்கும் பயன்படுத்திக் கறுப்பு எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றி அச்சிடும் முறையால் விலை குறைந்தது. தமிழ்க் குழந்தைகளின் கைக்கு வண்ணப் புத்தகம் எட்டியதற்கு இந்தச் சிக்கனம் பெரிய காரணம். ஒரு குறையும் அதில் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ அளவெடுத்து விட்ட வெற்றிடத்தில் தமிழ் வாக்கியத்தை அடக்க எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கிறது. படிக்கப் பழகும் ஐந்து வயதுக் கண்ணுக்கு அது சுமை. மாறாக, சென்னைப் பதிப்பகங்கள் மாஸ்கோவிலிருந்து வரவழைத்து விற்ற சோவியத் தமிழ்ப் புத்தகங்கள், நல்ல தாளையும் பெரிய எழுத்தையும் ஒரு தலைமுறைக்குப் பழக்கின.

தமிழில் பஞ்சதந்திரம் உரைநடையாக 1826இல் தாண்டவராய முதலியாரின் மொழிபெயர்ப்பில் மராத்தியிலிருந்து வந்தது. அதே ஆண்டில்தான் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா தமிழ், தெலுங்கு, கன்னடப் படிகளைக் கொண்டு செய்த பிரெஞ்சுப் பதிப்பு பாரிஸில் அச்சானது. ஆயினும் தமிழ்ச் சிறுவர்கள் இக்கதைகளைப் படமாகக் கண்டது பெரும்பாலும் இதழ்களில். 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வும், 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையும் இதில் பெரும்பங்கு வகித்தன. இவை படப் புத்தகத்தின் நெருங்கிய உறவுகள். ஆனால் வேறு வகை. கட்டம் கட்டமாக நகரும் சித்திரக்கதையில் பேச்சு முந்தும். படப் புத்தகத்தில் மௌனத்துக்கு இடமுண்டு.

சென்னையிலேயே படப் புத்தக வகைக்குத் துணிவான முயற்சி 1990களில் நடந்தது. தாரா புக்ஸ் 1995இல் வெளியிட்ட பசித்த சிங்கத்தின் கதையில், இந்திரபிரமித் ராய் மகாராஷ்டிரத்தின் வார்லி பழங்குடிச் சுவரோவிய மரபைத் தழுவி வரைந்தார். கையால் செய்த தாளில் வண்ணத்துக்கு ஒரு திரையாக அச்சிடப்பட்ட அந்த நூலில் சிங்கத்தின் பெயர் சிங்கம் என்பதே. முக்கோணங்களும் கோடுகளுமாய் நகரும் வார்லி உருவங்களில் முகபாவனைக்கு இடமில்லை. அதனால் உடல் வளைவும் கால் நீட்டமுமே சோம்பலையும் பசியையும் ஏமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். டோரே முகத்தால் செய்ததை வேறொரு மரபு அசைவால் செய்கிறது.

எந்தத் தருணத்தை வரைவது என்ற பழைய கேள்விக்குச் சிங்கமும் முயலும் கதை கடினமான சோதனை. கிணற்றுக்குள் தெரியும் தன் நிழலை எதிரி என்று நம்பிச் சிங்கம் பாய்கிறது. அரபுச் சுவடி ஓவியர்கள் கிணற்றைத் திறந்துகாட்டி, நீரில் இரு முகங்களும் தெரிய வரைந்தார்கள். அதைப் பார்ப்பவருக்கு ஏமாற்று முன்பே புரிந்துவிடும். முயலின் பக்கம் நிற்கிறோம். மேலிருந்து கிணற்றுக்குள் பார்ப்பதுபோல வரைந்தால் குழந்தையின் கண்ணும் சிங்கத்தின் கண்ணும் ஒன்றாகிவிடும். நீரில் உறுமுவது ஒரு கணம் உண்மையான எதிரியாகவே தெரியும். ஒரே கதை, கோணம் மாறியதும் யாருடைய கதை என்பதே மாறிப்போகிறது. சாவைக் காட்டுவதா என்பதும் இங்கேதான் எழும். பல பதிப்புகள் கலங்கிய நீர்வளையங்களோடு நிறுத்திவிடுகின்றன. அது கோழைத்தனமன்று, நீர்வளையத்தைப் பார்க்கும் குழந்தைக்கு என்ன நடந்தது என்று நன்றாகத் தெரியும்.

தமிழ்ப் பதிப்புகள் உடனே திருத்திக்கொள்ள வேண்டியது விலங்குகளின் உருவத்தை. பஞ்சதந்திரத்தின் நரி, இந்தியச் சமவெளிகளில் ஊளையிடும் குள்ளநரி. கடைகளில் கிடைக்கும் தமிழ்ப் படங்களிலோ வெள்ளை நுனிகொண்ட செம்பஞ்சு வாலுடன் ஐரோப்பிய நரி நிற்கிறது. ஈசாப்புப் படங்களை நகலெடுத்து வந்த வழக்கத்தின் மிச்சம் அது. ஆமையைத் தூக்கிச் செல்லும் பறவைகளும் அப்படியே. ஐரோப்பியப் பூங்காக் குளத்தில் நீந்தும் நீள்கழுத்து வெள்ளை அன்னத்தை வரைகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இமயத்தைத் தாண்டித் தமிழகத்து நீர்நிலைகள்வரை வந்து போகும் வரித்தலை வாத்து வானத்தில் கூட்டமாய்ப் பறப்பதைக் கூந்தன்குளம் போன்ற இடங்களில் குழந்தைகள் நேரில் காண முடியும். வறண்ட குளத்தை விட்டு நெடுந்தூரம் பறக்கும் கதைக்கு அந்தப் பறவை முற்றிலும் பொருந்தும். தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள், சாம்பல் உடல், மஞ்சள் அலகு. அலகில் ஒரு குச்சி. குரங்கு தன் நெஞ்சைத் தொங்கவிட்டு வந்ததாகச் சொல்லி முதலையை ஏமாற்றிய மரம் ஒரு கதைவழியில் அத்தி, இன்னொன்றில் நாவல். அத்தி என்றால் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். தூரத்திலிருந்து பார்த்த முதலை அந்தச் சிவந்த கொத்துகளை நெஞ்சங்கள் என்று நம்பியதும் படத்திலேயே விளங்கிவிடும்.